மூன்று இனங்களும் இரைப்பைப் புண்ணும்: லூனாஸ் வட்டாரத்தின் குடியேற்ற வரலாறு

மலேசியாவில் 'கேஸ்ட்ரிக்' எனப்படும் நாட்பட்ட இரைப்பை அழற்சி மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தாரையும் தொடுகிறது. ஆனால் சமமாகத் தொடுவதில்லை. இந்த வேறுபாட்டை விளக்குவதில் உணவுப் பழக்கத்தைவிடக் குடியேற்ற வரலாற்றுக்குப் பெரிய பங்குண்டு.

தென் கெடாவின் கூலிம் மாவட்டத்திலுள்ள லூனாஸ் இதற்குப் பொருத்தமான களம். இவ்வட்டாரத்தில் மலாய்க்காரர்கள் கிராமங்களான கம்பங்களிலும், தென்சீன வம்சாவளியினர் பெரும்பாலும் கடைத்தெருக்களிலும் வாழ்ந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரவியபோது கங்காணிகள் ஆள்திரட்டும் முறையில் தமிழர்கள் வந்து சேர்ந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் குடும்பங்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன.

விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெறும் கோப்பியோடு பால்மரம் வெட்டி, வெயில் ஏறிய பிறகே சோறு உண்பது தோட்ட வாழ்க்கை. நேரந்தவறிய சாப்பாடு, காரம், கள் ஆகியவையே நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று வலிக்கும் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இவை உபாதையைக் கூட்டலாம். ஆனால் நாட்பட்ட அழற்சியின் முதன்மைக் காரணம் வேறு.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையிலிருந்து ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்தெடுத்தனர். நாட்பட்ட இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் அதுவே முதன்மைக் காரணம் என்று காட்டியதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரிடமிருந்து தொற்றுகிறது. நெரிசலான குடியிருப்பும் தூய்மையற்ற நீரும் அதற்குத் துணைபோகின்றன. லயத்தின் சிற்றறையில் பெரிய குடும்பம் ஒடுங்கி வாழ்ந்த நிலை அது பரவ ஏற்றதாக இருந்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கீன் லீயும் பரசக்தியும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் தொற்று இருந்தது. சீனர்களிடமும் அது மிகுதி, மலாய்க்காரர்களிடம் குறைவு. கிளந்தான் மலாய்க்காரர்களிடம் அது மிக அரிது என்பதை 1990களின் ஆய்வுகளே காட்டியிருந்தன. ஒவ்வோர் இனமும் தன்னவரோடே உண்டு உறங்கி வாழ்ந்ததால், கிருமியும் பெரும்பாலும் அந்தந்த இனத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2009இல் வெளியான மரபணு ஆய்வு இதற்கு மேலும் ஒரு தடயம் தந்தது. சீனர்களின் கிருமி கிழக்காசிய வகை. மலாய்க்காரர்களுடையதோ பெரிதும் இந்திய வகையை ஒத்திருந்தது. அவர்களுக்கு அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

தொற்று மிகுந்த இடத்தில் புற்றுநோயும் மிகும் என்ற கணக்கு இங்கே பிசகுகிறது. இரைப்பைப் புற்றுநோய் சீனர்களிடமே கூடுதல். இந்தியர்களிடம் தொற்றின் அளவுக்குப் புற்றுநோய் இல்லை. கிருமியின் வகை, உடல்வாகு, உணவு மூன்றும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கக்கூடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்ததோடு, நாடு முழுவதும் தொற்றும் இரைப்பைப் புண்ணும் குறைந்து வருகின்றன. அமிலம் மேலெழும் உபாதையோ கூடுகிறது. எல்லா அஜீரணத்துக்கும் கிருமியே காரணமன்று. ஆனால் கிருமி இருக்கிறதா என்பதை மூச்சுப் பரிசோதனையால் அறியலாம். இருந்தால் பெரும்பாலும் இரண்டு வார மருந்தில் ஒழிக்கலாம். வயிற்று வலி நீடிப்பவர்கள் மாத்திரையால் அதை அடக்கிக்கொண்டே காலம் தள்ளாமல், ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.