பழைய எண்ணெயா, புதிய எண்ணெயா?

கந்தளாயிலிருந்து நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். வீதியோரக் காணியொன்று விலைக்கு வந்திருக்கிறதாம். முன்னொரு காலத்தில் அதில் பெற்றோல் ஷெட் இருந்ததாம். வாங்கிக் கிணறு வெட்டலாமா என்பது அவரது கேள்வி. "ஷெட்டை மூடிக் கனகாலம் அண்ணன், இப்ப அங்க புல்லும் பத்தையும்தான்" என்றார். புல் முளைத்திருப்பது எதற்கும் சாட்சியல்ல என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சுன்னாகத்தின் கதையைச் சொன்னேன். வாசகர்களுக்கும் அதைச் சொல்லிவைப்பது நல்லது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. குடிநீரும் தோட்டப் பாசனமும் அந்தப் படையிலிருந்துதான். அத்தகைய நிலத்தில்தான், சுன்னாகத்தில், 1950களிலிருந்து மின்சார சபையின் மின்நிலையம் இருந்து வந்தது. பின்னர் அதே வளாகத்தில் நொதேர்ன் பவர் கம்பனி என்ற தனியார் நிறுவனத்தின் அனல் மின்நிலையமும் எழுந்தது. சில ஆண்டுகளில் அயற்கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறதென்ற முறைப்பாடுகள் வரத் தொடங்கின. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளின் நீரைப் பரிசோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் தர அளவை மிஞ்சியிருந்தன. தலைமுறைகளாக அள்ளிக் குடித்த கிணற்றை விட்டுவிட்டு, பவுசரில் வரும் தண்ணீருக்காகக் கானுடன் காத்திருக்கும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். 2015 தொடக்கத்தில் அம்மின்நிலையத்தின் இயக்கத்தை நீதிமன்றம் நிறுத்தியது.

பத்திரிகையாளன் என்ற வகையில் என் கவனத்தை ஈர்த்தது அதன் பின்னர் நடந்த வாதமே. அது யாருடைய எண்ணெய்? போர்க்காலத் தாக்குதலில் மின்சார சபையின் தாங்கிகள் சேதமுற்று எண்ணெய் நிலத்தில் ஓடியது என்றும், கழிவெண்ணெய் தேங்கிய பழைய குட்டையொன்று வளாகத்தில் கிடந்தது என்றும், ஆகவே இது பழைய எண்ணெய் என்றும் ஒரு தரப்புச் சொன்னது. இல்லை, புதிய நிலையத்தின் கழிவே என்றது மறு தரப்பு. எந்த ஆண்டில் எவ்வளவு எண்ணெய் எங்கே கொட்டுண்டது என்பதற்கு ஒழுங்கான பதிவு இருந்திருந்தால் இந்த வாதம் இத்தனை ஆண்டுகள் இழுபட்டிருக்காது.

உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மக்களுக்கு ஏற்பட்ட இழப்பின் ஒரு பகுதிக்கேனும் ஈடாக 2 கோடி ரூபாவைக் கம்பனி செலுத்த வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களும் கண்டனத்திலிருந்து தப்பவில்லை. 'ஒரு பகுதிக்கேனும்' என்ற சொல்லை நான் பலமுறை வாசித்தேன். மீதிப் பகுதி யாருடையது? அதற்குக் கிணற்றுக்காரருக்கு இன்றும் விடை இல்லை.

கந்தளாயின் நிலம் வேறு விதமானது. இங்கே அடியில் கடும்பாறை. அதன் மேலுள்ள உக்கல் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. குளத்து நீர் வாய்க்காலில் பாயும்போது கிணறுகளின் மட்டமும் உயரும். பாய்ச்சல் நின்றால் இறங்கும். பெற்றோல் நீரிலும் இலேசானது. நீர்மட்டத்தின் மேல் மிதந்து, அது ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதையும் பூசிவிடுகிறது. தாங்கியைத் தோண்டி எடுத்த பின்னரும் அந்த மண் மழைக்கு மழை நஞ்சை விட்டுக்கொண்டிருக்கும். பெற்றோலிலுள்ள பென்சீன் நீரில் கரையக்கூடியது, புற்றுநோயை உண்டாக்குவது. குடிநீரில் அது லீற்றருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்கமாட்டா. ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே இத்தகைய காணியை ஆராய்பவர்கள் முதலில் மண்வெட்டியை எடுப்பதில்லை. பழைய வரைபடத்தைத் தேடுகிறார்கள். தாங்கி எங்கே புதைந்திருந்தது, குழாய் எப்படிப் போனது, பம்பு எங்கே நின்றது, எந்த ஆண்டில் மூடப்பட்டது என்பவை தெரிந்த பின்னரே துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண்ணெடுத்து, நீரோட்டத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் சோதனைக் கிணறு வைப்பார்கள். மண்ணே சிலவேளை காலத்தையும் சொல்லும். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆகவே பெற்றோல் ஊறிய மண்ணில் ஈயமும் மிகுந்திருந்தால், அந்தக் கசிவு பெரும்பாலும் அதற்கு முற்பட்டதாகும். பழைய எண்ணெயா புதிய எண்ணெயா என்ற வழக்கில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் பெரிய அளவில் காத்திருக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கி தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. பல தாங்கிகள் பல தசாப்தங்கள் காட்டுக்குள் கிடந்தன. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கைகளின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன. தாங்கிகள் எண்ணப்பட்டதைப் போல அவற்றின் கீழுள்ள மண்ணும், புதிய எண்ணெய் ஏறுவதற்கு முன்னரே, ஆராய்ந்து எழுதிவைக்கப்பட வேண்டும். பின்னாளில் அங்கே ஒரு கிணறு நாறினால், சுன்னாகத்தில் நடந்த அதே வாதத்தை வேறு வழக்கறிஞர்கள் நடத்துவார்கள்.

நண்பர் மறுவாரம் மீண்டும் அழைத்தார். காணியை விற்பவர் கைமாறி வாங்கியவராம். தாங்கி இருந்த இடம் அவருக்குத் தெரியாதாம். எதிரே முன்னர் தேநீர்க்கடை வைத்திருந்த முதியவரைத் தேடிப்பிடித்துக் கேட்டதில், வேலியோரத்து வேப்பமரத்தடியைக் காட்டினாராம். நண்பர் கிணற்றுக்குக் குறித்திருந்த இடம் அதிலிருந்து பதினைந்து அடி.