இடிக்க நினைத்த ஹோட்டல்... இன்று லண்டனின் அடையாளம்! செயின்ட் பான்கிராஸ் தப்பித்தது எப்படி?

லண்டனில் இருந்து பாரிஸுக்கு ரயிலில் போகிறவர்கள் ஏறும் இடம் செயின்ட் பான்கிராஸ் நிலையம். அதன் முகப்பில் கூர்கோபுரங்களோடு நிற்கும் செங்கல் கட்டடத்தைப் பார்த்தால், அரண்மனையா, தேவாலயமா என்ற சந்தேகம் வரும். ரெண்டும் இல்லை. அது ஒரு ரயில்வே ஹோட்டல். 1960-களில் இதை இடித்துத் தள்ளவே திட்டம் போட்டார்கள்.

யார் கட்டியது?

மிட்லாண்ட் ரயில்வே நிறுவனம் 1865-ல் நடத்திய போட்டியில் வென்றவர் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். பக்கத்திலேயே போட்டி நிறுவனத்தின் கிங்ஸ் கிராஸ் நிலையம். அதை மிஞ்ச வேண்டும் என்பதுதான் கணக்கு. 'மிட்லாண்ட் கிராண்ட் ஹோட்டல்' 1873 மே 5-ல் திறக்கப்பட்டது. சுமார் 300 அறைகள், தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் லிஃப்ட், இரண்டாகப் பிரிந்து ஏறும் பிரம்மாண்ட படிக்கட்டு என அந்தக் காலத்து ஆடம்பரம் எல்லாம் இருந்தது.

ஏன் மூடினார்கள்?

ஒரே காரணம் இல்லை என்றாலும், பெரிய தலைவலி குளியலறைதான். 300 அறைகளுக்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குளியலறைகள். பணியாளர்கள்தான் அறைக்கு அறை வெந்நீர் சுமந்தார்கள். தீப்பிடிக்காமல் இருக்கப் போட்ட கனமான தளங்களில் புதிதாகக் குழாய் பதிப்பதும் லேசான வேலை இல்லை. 1935-ல் ஹோட்டல் மூடப்பட்டு, ரயில்வே அலுவலகமாக மாறியது.

காப்பாற்றியது யார்?

அருகில் இருந்த யூஸ்டன் நிலையத்தின் புகழ்பெற்ற கல் வளைவு 1961-62-ல் இடிக்கப்பட்டது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் செயின்ட் பான்கிராஸுக்கும் ஆபத்து வந்தது. விக்டோரியன் சொசைட்டி அமைப்பும் கவிஞர் ஜான் பெட்ஜமனும் போராட, 1967-ல் முதல் தரப் பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1980-களில் தீ பாதுகாப்பு விதிகளைத் தாண்ட முடியாமல் அலுவலகமும் காலியானது. இடிப்பதைச் சட்டம் தடுத்தது, சரி. உள்ளே ஆள் நடமாட்டத்தைச் சட்டம் கொண்டுவர முடியுமா?

மறுபடியும் உயிர் வந்தது எப்படி?

2007 நவம்பரில் யூரோஸ்டார் ரயில்கள் இங்கு மாற்றப்பட்டன. கூடவே பயணிகளும் வந்தார்கள். 2011-ல் ஹோட்டல் மீண்டும் திறந்தது. இந்த முறை பழைய தவறு நடக்கவில்லை:

- பெரும்பாலான அறைகள் புதிதாகக் கட்டிய பகுதியில்
- பழைய கட்டடத்தின் மேல் தளங்கள் அடுக்குமாடி வீடுகளாக
- வண்டிகள் வந்து நின்ற பாதை, கண்ணாடிக் கூரையோடு வரவேற்பறையாக
- டிக்கெட் கொடுத்த கூடம், பார் மற்றும் உணவகமாக
- நிலையத்தின் அடியில் பீர் பீப்பாய்கள் வைத்திருந்த கிடங்கு, பயணிகள் நடமாடும் கடைவீதியாக

பழைய கட்டடத்தை அப்படியே பூட்டி வைக்காமல், ஒவ்வொரு பகுதிக்கும் இன்றைக்குத் தேவையான ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அதனால்தான் அது நிற்கிறது.

நிலையத்துக்குள் பெட்ஜமனுக்கு ஒரு சிலை இருக்கிறது. தொப்பியைப் பிடித்தபடி, அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.