போர்ட்ரஷ் திடலும் அதன் பிள்ளைகளும்

தன் இடத்தில் நிற்பவனுக்கு வலிமை கூடும் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. வள்ளுவர் இதற்கென இடனறிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, நீருக்குள் இருக்கும் முதலையைச் சான்று காட்டினார். ஆனால் அந்த முதலைக்குக் கரையில் நின்று கைதட்டும் சுற்றத்தார் இல்லை. இருந்தால் என்ன நேரும் என்று அறிய விரும்புவோர், வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் என்னும் கடற்கரைச் சிற்றூரின் கோல்ஃப் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

கோல்ஃப் நம்மில் பலர்க்குச் செல்வர் ஆட்டம் என்ற அளவிலேயே அறிமுகம். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் களங்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்க, கோல்ஃபில் திடலுக்குத் திடல் நிலம் வேறு. மேடும் மணலும் கடற்காற்றும் வேறு. ஆகவே சிறுவயது முதல் பழகிய திடல் கைகொடுக்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. அதற்குச் சான்றும் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஜாக் ஹட்சிசன், 1921இல் தம் பிறந்த ஊர்த் திடலுக்கே திரும்பி வந்து ஓபன் பட்டத்தை வென்றார்.

போர்ட்ரஷ் திடலின் கதை 1888இல் தொடங்குகிறது. மணற்குன்றுகளுக்கிடையே இன்று நாம் காணும் டன்லூஸ் திடலை, ஹாரி கோல்ட் என்னும் வடிவமைப்பாளர் 1930களின் தொடக்கத்தில் ஆக்கினார். அவ்வூரில் 1911இல் பிறந்து, ஆட்டக்காரர்களின் மட்டைப் பைகளைச் சுமந்து ஆட்டம் பயின்றவர் ஃபிரெட் டேலி. அவர் 1947இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் ஓபன் பட்டத்தை வென்றார். அயர்லாந்துத் தீவிலிருந்து அதை வென்ற முதல்வர் அவரே. 1951இல் ஓபன் அவருடைய ஊருக்கே வந்தது. பட்டமோ மேக்ஸ் ஃபாக்னர் என்னும் ஆங்கிலேயருக்குப் போயிற்று. டேலிக்கு வாய்த்தது மற்றொருவருடன் பகிர்ந்துகொண்ட நான்காம் இடம்.

அதன்பின் ஓபன் அங்கே மீண்டும் வர 68 ஆண்டுகள் ஆயின. 1960களின் இறுதியில் மூண்டு முப்பது ஆண்டுகள் நீடித்த வன்முறைக் காலத்தில், உலகப் போட்டி ஒன்றை அங்கே நடத்தும் எண்ணத்திற்கே இடமில்லாது போயிற்று. 1998இல் அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகும் தயக்கம் உடனே தீரவில்லை. அதை உடைத்ததில் ஆட்டக்காரர்களுக்கே பெரும்பங்கு எனலாம். 2010 ஜூன் முதல் 2011 ஜூலை வரையிலான காலத்தில், கிரேம் மெக்டவல், ரோரி மெக்கில்ராய், டேரன் கிளார்க் எனும் வட அயர்லாந்தினர் மூவர் ஆளுக்கொரு பெரும்பட்டம் வென்றனர். மெக்டவல் போர்ட்ரஷிலேயே பிறந்தவர். கிளார்க் அங்கே வீடு கொண்டவர். மெக்கில்ராயின் ஊர் ஹாலிவுட். அமெரிக்கத் திரைப்பட நகரம் அன்று. பெல்ஃபாஸ்ட் அருகிலுள்ள சிற்றூர். ஆயினும் பதினாறு வயதில், 2005இல், போர்ட்ரஷ் திடலை அவர் 61 அடிகளில் முடித்துச் சாதனை படைத்ததால், ஊரார் அவரையும் தம் பிள்ளையாகவே வரித்துக்கொண்டனர்.

2019 ஜூலை 18 அன்று காலை 6.35 மணிக்கு முதல் பந்தை அடிக்கும் பெருமை கிளார்க்குக்கு அளிக்கப்பட்டது. முதற் குழியிலேயே ஓர் அடி மிச்சப்படுத்தினார். தொடக்க மேடையில் தாம் நெகிழ்ந்துவிட்டதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். சில மணி நேரம் கழித்து மெக்கில்ராய் அதே மேடைக்கு வந்தபோது எழுந்த ஆரவாரம் பெரிது. அவர் அடித்த பந்து இடப்புறம் சென்று எல்லைக்கு வெளியே விழுந்தது; வழியில் பார்வையாளர் ஒருவரின் கைபேசியையும் உடைத்தது. நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழிக்கு எட்டு அடிகள். அன்றைய மொத்தம் 79.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் 61 அடித்தவர்க்கு ஏன் இந்நிலை? திடல் மாறிவிட்டது என்பது ஒரு விடை. ஓபனுக்காகப் பழைய கடைசி இரு குழிகளும் கைவிடப்பட்டு, வேறிடத்தில் புதிதாக இரண்டு அமைக்கப்பட்டிருந்தன. ஆனால் அவர் சறுக்கிய முதற்குழி பழைய குழியே! ஆகவே அந்த விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. மெக்கில்ராயே பின்னாளில் கூறிய காரணம் எளிது: முதல் மேடையில் கிடைத்த அந்த வரவேற்புக்கு, அது தம்முள் எழுப்பப்போகும் உணர்ச்சிக்கு, தாம் ஆயத்தமாக இல்லை என்றார். நிலத்தை அறிந்திருந்தார்; ஊராரின் அன்புக்கு எத்தனை எடை என்பதை அறிந்திருக்கவில்லை.

மறுநாள் 65 அடித்துப் பாய்ந்தார். இரு நாள் முடிவில் முதல் எழுபது இடத்தினரும் அவர்க்குச் சமமானோருமே தொடர்ந்து ஆடலாம் என்பது விதி. ஒரே ஓர் அடியில் அந்த வாய்ப்பு நழுவியது. கண்கள் கலங்க, தம் மக்கள் தந்த ஆதரவைப் பற்றிப் பேசினார். நமக்கு அந்தத் தோல்வி, அவருடைய பல வெற்றிகளைவிட நெஞ்சில் நிற்கிறது. கிளார்க்கும் அன்றே வெளியேறினார். மெக்டவல் மட்டும் நான்கு நாளும் ஆடினார்.

அந்த ஆண்டுப் பட்டம் ஷேன் லோரிக்கு, ஆறு அடி முன்னணியில். அவர் எல்லைக்கு அப்பால், அயர்லாந்துக் குடியரசின் கிளாரா ஊரினர். அரசியலில் இரண்டாகப் பிரிந்த அத்தீவில் கோல்ஃப் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்கி வந்தது. மழையும் காற்றும் வீசிய அந்த ஞாயிறன்று, வடக்கின் மண்ணில் திரண்ட கூட்டம் தெற்கிலிருந்து வந்தவரைத் தம்மவராகவே கொண்டாடியது.

2025இல் ஓபன் மீண்டும் போர்ட்ரஷுக்கு வந்தது. இம்முறை மெக்கில்ராய் ஊராரின் அன்புக்கு ஒதுங்கி நிற்காமல் அதை ஏற்று ஆட எண்ணினார். முதற் குழியில் மறுபடியும் ஓர் அடி இழந்தார். ஆனால் அதற்குமேல் சரியவில்லை. மூன்றாம் நாள், உயர்ந்த புல்லிலிருந்து அவர் பந்தை அடித்தபோது, யாரோ எப்போதோ தொலைத்த வேறொரு பந்தும் மண்ணிலிருந்து கூடவே துள்ளி எழுந்தது! நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் ஏழாம் இடத்தைச் சிலருடன் பகிர்ந்துகொண்டார். பட்டம் அமெரிக்கரான ஸ்காட்டி ஷெஃப்லருக்கு. போர்ட்ரஷில் நடந்த மூன்று ஓபன்களிலும் வட அயர்லாந்தினர் ஒருவர் எட்டிய மிகச் சிறந்த இடம், மட்டைப் பை சுமந்து வளர்ந்த ஃபிரெட் டேலி 1951இல் பெற்ற நான்காம் இடமே.