பீர் காய்ச்சலைன்னா அபராதம்!

கிறிஸ்துமஸ் பீரை ருசித்து மார்க் போடுவது நார்வே பத்திரிகைகளுக்கு வருடாந்திர வேலை. மக்களே, ஒரு காலத்தில் அங்கே பீர் காய்ச்சாதவரிடம்தான் மார்க் பிடுங்கினார்கள்!

மேற்கு நார்வேயின் பழைய குலாதிங் சட்டப்படி, வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் பீர் காய்ச்சி, கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றி சொல்லி, நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டிக் குடிக்க வேண்டும். தவறினால் பிஷப்புக்கு 3 மார்க் அபராதம். மார்க் என்பது அந்தக் காலத்து வெள்ளிக் கணக்கு. 3 குளிர்காலம் தவறினால் சொத்தே போச்சு: பாதி ராஜாவுக்கு, பாதி பிஷப்புக்கு. பிராயச்சித்தமும் செய்யாவிட்டால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதுதான்.

சட்டம் போட்டே டிமாண்ட்! காமர்ஸ்காரனுக்குப் பொறாமைதான் :-)

பழைய யூல் விருந்தை ஒழிக்க முடியாத சபை, அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது.

இப்போது தலைகீழ். 1975 முதல் மது விளம்பரத்துக்கே தடை. சூப்பர் மார்க்கெட்டில் 4.7 சதவீதத்துக்கு மேற்பட்ட பீரும் கிடைக்காது.