ஒரு மண்டலம்

1974 ஆடியில் சித்தப்பாவைக் குணசீலத்துக்குக் கூட்டிப்போனார்கள். அப்பாயிக்குத் துணையாக என்னையும் முசிறி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நெல் மண்டியில் கணக்கு எழுதிய சித்தப்பா ஆறு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுவார். ராத்திரி முழுக்கச் சுவரோடு பேசுவார். காத்துக் கருப்பு என்றது ஊர்.

திருச்சியிலிருந்து சேலம் போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில், காவிரிக் கரையில் இருக்கிறது குணசீலம். பெருமாள் பிரசன்ன வேங்கடாசலபதி, கையில் செங்கோலோடு நிற்கிறார். அந்தக் கோலால் மனப்பிணியை விரட்டுகிறார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. புத்தி பேதலித்தவர்கள் அங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்குவார்கள். உச்சிக்கால பூஜையும் அர்த்தஜாம பூஜையும் முடிந்ததும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். மெல்லத் தெளிப்பதில்லை. அறைந்தாற்போல் விழும்.

முதல் வாரம் சித்தப்பாவை இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவரே எழுந்து உட்கார்ந்து, "மணி அடிச்சாச்சாம்மா?" என்று கேட்டார். அப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. ஆறு மாதமாகப் பகலும் இரவும் தெரியாமல் கிடந்தவருக்கு உச்சிவேளை என்று ஒன்று திரும்பக் கிடைத்துவிட்டது. விடிந்தால் ஆற்றில் குளியல், நடுப்பகலில் தீர்த்தம், இருட்டினால் மறுபடி தீர்த்தம். பிற்பாடு மனநலப் பிரிவில் செவிலியராக முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். நோயாளிக்கு நாளை மீட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கேதான் புரிந்தது.

நாங்கள் தங்கிய இடத்தில் பக்கத்துத் திண்ணையில் ஒரு அம்மாள் மகனோடு இருந்தார். ஊருக்குக் கார்டு எழுதிப் போட ஆள் இல்லை. சித்தப்பா கணக்குப்பிள்ளை என்று அப்பாயி சொல்லியிருந்தது போல. ஒரு சாயங்காலம் அந்த அம்மாள் கார்டையும் பேனாவையும் அவர் மடியில் வைத்து, "தம்பி, நாலு வரி எழுதிக் குடுப்பா" என்றார். வெகுநேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அப்புறம் எழுதினார். மறுநாள் இன்னொருவர் வந்தார்.

தீர்த்தம்தான் குணப்படுத்தியது என்று சொல்லமாட்டேன். ஊர் திரும்பி நாலு மாதத்தில் குரல்கள் மறுபடி வந்தன. குளோர்புரோமசின் மாத்திரைதான் அவற்றை அடக்கியது. 1950களில் வந்த அந்த மருந்து இல்லையென்றால் சித்தப்பா எங்களுக்கு மிஞ்சியிருக்கமாட்டார். ஆனால் குரல் அடங்கின பிறகு எதற்காக எழுந்திருப்பது? அதற்கு மாத்திரை இல்லை. வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் நாஜி முகாம்களிலிருந்து மீண்டு வந்து 1946இல் வெளியிட்ட புத்தகத்தில், தனக்காக ஒரு வேலையோ ஒரு மனிதரோ காத்திருப்பதை அறிந்தவரின் பலத்தைப் பற்றிச் சொல்கிறார். படித்தபோது எனக்கு அந்தக் கார்டுதான் கண்ணில் நின்றது.

அப்படி ஒரு வேலையை மருத்துவமனைக்குள்ளும் கொண்டுவந்தவர்கள் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் சென்னையில் தொடங்குகிறது. பெரும்பகுதி அது அடைத்துவைத்த வரலாறு. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் நோயாளிகளின் கைக்கு வேலை கொடுப்பதில் பிடிவாதமாக இருந்தார். 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும் மறுவாழ்வையே மையமாக வைத்தது. கைக்கு வேலை வேண்டும் என்று அவர் கண்டதை ஒரு சின்னக் கோயில் தன் போக்கில் செய்துகொண்டிருந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் போய், அங்கே தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். சிறப்புச் சடங்கு ஒன்றும் இல்லை. காசு வாங்குவதில்லை. செடிக்குத் தண்ணீர் விடுவது, கோயிலைக் கூட்டுவது போன்ற சின்ன வேலைகள் மட்டும். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. பிரிவில் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினேன்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் ஏர்வாடி நடந்தது. அங்குள்ள சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது தர்காவுக்கு மதபேதமில்லாமல் நோயாளிகளைக் கூட்டிவருவார்கள். கனவில் உத்தரவு வரும்வரை தங்கவைப்பார்கள். காத்திருக்கிறவர்களைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. காசு வாங்கிக்கொண்டு சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

அன்று பிரிவில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த நம்பிக்கையை நான் குறைசொல்லமாட்டேன். அங்கே வந்தவர்களும் எங்கள் அப்பாயியைப் போல வேறு வழி தெரியாமல் வந்தவர்கள்தான். ஆனால் சங்கிலி போட்ட நிமிஷத்தில் அது காத்திருப்பாக இல்லாமல் போய்விட்டது. காத்திருக்கிறவருக்கு எழுந்து போகும் கால் இருக்கவேண்டும். காப்பகங்களை மூடினார்கள், உரிம விதியைக் கண்டிப்பாக்கினார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்தது. ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு மருந்தும் துஆ என்னும் பிரார்த்தனையும் ஒன்றாகக் கிடைக்க வழிசெய்தார்கள். இரண்டையும் பிரித்துவைத்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சித்தப்பா முழுசாகத் தேறவில்லை. மண்டி வேலைக்கும் திரும்பவில்லை. ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை, வருஷா வருஷம் புரட்டாசியில் குணசீலம் போனார். கடைசியாகப் போனபோது கூட நானும் இருந்தேன். உச்சிக்கால மணி அடித்ததும் மற்றவர்களோடு போய் நின்று முகத்தை நீட்டித் தீர்த்தம் வாங்கிக்கொண்டார். அப்புறம் ஈரத்தைத் துடைத்தபடி மண்டபத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து நாலு கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைபேசி வந்துவிட்ட காலம். யாரும் கேட்டு வரவில்லை. பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் பக்கத்தில் போய், "சித்தப்பா, என் மகளுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க" என்றேன்.