ஹைதராபாத் ஹலீம்: ஒரு மாதத் தொழிலின் வரலாறு

ஆண்டு முழுவதும் காத்திருந்து, ரமலான் நோன்பு மாதத்தில் மட்டும் முழு வீச்சில் நடந்து, அந்த முப்பது நாட்களிலேயே கூலி, விறகு, இறைச்சி, வட்டி ஆகிய அத்தனைக்கும் ஈடுகட்டியாக வேண்டிய தொழில் ஹைதராபாத்தின் ஹலீம் தயாரிப்பு. தமிழ்நாட்டின் நோன்புக் கஞ்சி பள்ளிவாசல்களில் காய்ச்சப்பட்டு விலையின்றி வழங்கப்படும் பொது உணவாகவே நிலைத்துவிட, அதே நோன்பு துறக்கும் வேளைக்குரிய ஹலீம் ஹைதராபாத்தில் கடைத்தெருவுக்கு வந்து பெரும் வணிகமாக வளர்ந்தது.

இதன் மூலம் ஹரீஸ் எனப்படும் அரபுக் கூழாகும். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல் வராக் தொகுத்த சமையல் நூலில் கோதுமையும் இறைச்சியும் குழைந்த இவ்வகை உணவுக்குச் செய்முறை உண்டு. அக்பர் காலத்து ஐனி அக்பரியும் ஹரீஸாவையும் ஹலீமையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. ஹைதராபாத்துக்கு இதைக் கொண்டுவந்தோர், இன்றைய ஏமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து நிஜாம்களின் படைக்கு வந்து, சார்மினாருக்குத் தெற்கே பார்க்கஸ் பகுதியில் குடியமர்ந்த சாவுஷ் எனப்படும் அரபு வீரர்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பார்க்கஸில் இன்றும் ஹரீஸ், உப்பிட்டும் இனிப்பாகவும் இருவகையாக விற்கப்படுகிறது. நகரின் மற்ற பகுதிகளிலோ இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், வால்மிளகு, பருப்பு வகைகள், நெய் ஆகியவை சேர்ந்து, அரபு மூலத்தில் இல்லாத காரமும் மணமும் பெற்று, அது வேறோர் உணவாகவே மாறிவிட்டது. 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்து அரண்மனைகளின் சமையற்கட்டுகள் ஒடுங்கிய பின்னர், 1950களில் மதீனா ஓட்டல் போன்ற ஈரானிய உணவகங்கள் வழியாக ஹலீம் விலைக்குக் கிடைக்கும் பண்டமாயிற்று.

செய்முறையை அருகிருந்து பார்த்தால்தான் தொழிலின் சிக்கல் விளங்கும். செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய பட்டி எனப்படும் அடுப்பில் பெரிய செம்பு அண்டா பதிக்கப்படுகிறது. ஊறவைத்த கோதுமையும் ஆட்டிறைச்சியும் விறகுத் தீயில் மணிக்கணக்கில் வெந்த பின், அண்டாவின் இருபுறமும் ஆட்கள் நின்று, கோட்னி எனப்படும் நீண்ட மரமத்தால் விடாமல் இடிக்கின்றனர். நீடித்த சூட்டில் இறைச்சியின் இணைப்புத் திசு கரைந்து பசையாகிறது. கோதுமையின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் குழைகிறது. மத்தின் இடி இறைச்சியை அரைக்காமல் நூல் நூலாகப் பிரிக்கிறது. அந்த இழைதான் ஹலீமின் அடையாளம். வேகமாகச் சுழலும் இயந்திர அரைப்பான் இழையை அறுத்து, மாவுக்களியைத்தான் தரும்.

இந்த நுட்பத்துக்குச் சட்டத்தின் காப்பு 2010இல் கிடைத்தது. ஒரு பொருளின் தரமும் புகழும் அது உருவாகும் இடத்தைச் சார்ந்திருந்தால் அப்பெயரை மற்றவர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையே புவிசார் குறியீடு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதனைப் பதிவு செய்யும் அலுவலகம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. ஹைதராபாத் ஹலீம் தயாரிப்பாளர் சங்கம் அங்கு விண்ணப்பித்துப் பெற்ற பதிவே இந்தியாவில் ஓர் அசைவ உணவுக்குக் கிடைத்த முதல் புவிசார் குறியீடாகும். இறைச்சிக்கும் கோதுமைக்குமான விகிதம் 10:4, ஆட்டிறைச்சி மட்டும், கலப்பற்ற நெய், செம்புப் பாத்திரம், விறகு, சுமார் 12 மணி நேரச் சமையல் என்று, சமையற்காரர்களின் கைப்பழக்கத்தில் இருந்தவை விதிகளாயின. ஒரு கைத்தொழிலை எழுத்தில் பிடித்ததன் பயன் பெரிது. ஆனால் அதே எழுத்து, தொழில் பெருகும் வழியையும் ஓரளவு அடைத்தது.

வழியை அடைப்பது எழுத்து மட்டுமன்று, உணவின் இயல்பும்தான். அதே ஹைதராபாத்தில், பிரிவினையின்போது சிந்துப் பகுதியிலிருந்து வந்த கான்சந்த் ராம்நானி 1953இல் மொஸம்ஜாஹி சந்தை அருகே தொடங்கிய கராச்சி பேக்கரியின் பழ பிஸ்கட்டுகள் நாடெங்கும் பயணப்பட்டதற்குச் சுவை மட்டும் காரணமன்று. பிஸ்கட்டில் நீர் மிகக் குறைவு என்பதால் அது எளிதில் கெடாது. ஹலீமோ ஈரமும் புரதமும் நிறைந்தது. கெட்டியான கூழாதலால் பெரிய அண்டாவில் அது ஆறுவதற்கு வெகுநேரம் பிடிக்கும். 60 டிகிரிக்குக் கீழே மந்தமாக ஆறும் அந்த இடைவெளியே சூட்டைத் தாங்கிய நுண்ணுயிர் வித்துகள் முளைக்க ஏற்ற காலம். நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்வதால், குளிர்காலத்தில் பொறுத்துக்கொண்ட வழக்கம் சித்திரை வெயிலில் ஆபத்தாகிறது. காற்றுப் புகாத பல்லடுக்குப் பையில் அடைத்து, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி வரை சூடேற்றும் ரிட்டார்ட் முறையை மைசூரின் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் இந்திய இராணுவத்துக்காக வளர்த்தெடுத்தது. ஹலீமை வெளிநாட்டுக்கு அனுப்ப அதுவே உகந்தது. ஆயினும் மறுசூட்டில் இழை மேலும் தளர்ந்து மணம் மங்குவதைத் தவிர்ப்பது கடினம். பதினொரு மாதம் சும்மா கிடக்கும் இயந்திரத்தில் முதலிடச் சிறிய கடைக்காரர் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரே மாதத்தை நம்பிய தொழிலின் பலவீனம் 2020இல் வெளிப்பட்டது. ஊரடங்கின் காரணமாக அவ்வாண்டு ரமலானில் ஹலீம் செய்வதில்லை என்று தயாரிப்பாளர் சங்கமே முடிவெடுத்தது. ஓராண்டின் வருமானம் முழுவதும் போயிற்று. 2022இல் மத்திய அரசுத் துறை நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் விரும்பும் புவிசார் குறியீட்டு உணவாக ஹலீம் தேர்வானது பெருமைதான். எனினும் பெருமை விறகுக் கூலியைத் தராது.

கோழி ஹலீம், மீன் ஹலீம், காய்கறி ஹலீம் என்று இன்று கடைகளில் விற்பவற்றுக்குப் பதிவு பொருந்தாது என்பதை வாங்குவோர் பெரும்பாலும் அறியார். விதியைத் தளர்த்தி எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் இழுப்பதைவிட, பன்னிரண்டு மணி நேர ஹலீமுக்கு அப்பெயரை விட்டுவைத்து, பையில் அடைத்ததும் கோழியில் செய்ததும் தத்தம் பெயரிலேயே விற்கப்படுமாறு சங்கம் வற்புறுத்துவதே முறை.