கடையைப் பூட்டலாம், பேர் யாருக்கு?

ஒரு கடையை நிரந்தரமா மூடுறது எண்டால் என்ன நடக்கும் எண்டு எங்கட ஊர்களில வளர்ந்த ஆக்களுக்குத் தெரியும். கடன் கொப்பியில நிலுவை இருக்கிற வீடுகளுக்கு ஆள் போகும். மிஞ்சின சாமான் மலிவு விலைக்குப் போகும். தராசும் கண்ணாடி அலுமாரியும் அடுத்ததாகக் கடை எடுக்கிறவரின் கைக்கு மாறும். சிலவேளை பெயர்ப்பலகையும் மாறாமல் அப்படியே நிற்கும். பழைய முதலாளி செத்து இருபது வருசமானாலும் சனம் அந்தப் பேரைத்தான் சொல்லும். புது ஆளும் அதைத் திருத்த மாட்டார். அவர் காசு குடுத்து வாங்கினதில "அந்தக் கடையில நம்பி வாங்கலாம்" எண்ட பேச்சும் ஒரு பங்கு.

என்ர சிநேகிதன் ஒருத்தன் ஒன்பது வருசமா ஒரு இணையச் சந்தையில பழைய இலங்கை முத்திரைகளும் கடித உறைகளும் விற்றுக்கொண்டிருந்தவன். வெளிநாடு போற அலுவல் சரிவந்திட்டுது. கணக்கைத் தங்கச்சி பொறுப்பெடுக்கிறன் எண்டாள். பொதி கட்டுறது, தபால் கந்தோருக்குக் கொண்டு போறது எல்லாம் ஏற்கெனவே அவள்தான். விதிகளை வாசிச்சுப் பார்த்தால், கணக்கை மூடலாம், இன்னொருத்தருக்குக் கைமாற்ற ஏலாது. மூடினால் வாங்கினவை எழுதிவிட்ட ஆயிரத்துச் சொச்சம் நல்ல வார்த்தையும் அதோட போயிடும். தங்கச்சி பூச்சியத்தில இருந்து தொடங்க வேணும்.

"அப்ப இது யாற்ற சொத்தடா?" எண்டு கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியேல்லை. தேடத் தொடங்கினால், அது ஒரு நீண்ட வரலாறு.

உயர்தரத்தில கணக்கீடு படிச்ச ஆக்களுக்கு 'நன்மதிப்பு' ஞாபகம் இருக்கும். பங்குடைமைக் கணக்கில ஒரு பங்காளர் விலகேக்க வந்து எங்களைப் போட்டு வருத்துற அந்த உருப்படிதான். கண்ணால காண ஏலாது, ஆனால் விலை உண்டு. இதைப் பற்றி 1901இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை ஒரு வழக்கை விசாரித்தது. விசயம் மாஜரின். ஜேர்மனியில் நடந்த ஒரு மாஜரின் வியாபாரத்தை ஒரு ஆங்கிலேயக் கொம்பனி வாங்கியது. விற்பனை ஒப்பந்தம் எழுதப்பட்டது இங்கிலாந்தில். அந்த நன்மதிப்புக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டுமா என்பதுதான் பிரச்சினை. கட்டுவதா இல்லையா என்று சொல்ல, நன்மதிப்பு எந்த நாட்டில் 'இருக்கிறது' என்று முதலில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வியாபாரமும் வாடிக்கையாளரும் ஜேர்மனியில், ஆகவே நன்மதிப்பும் ஜேர்மனியில்தான் என்று தீர்ப்பு வந்தது. பேர் தனியே ஆகாயத்தில் மிதக்காது, வியாபாரம் நடக்கிற இடத்தில் ஒட்டியிருக்கும் என்பது அதன் சாரம்.

அந்தக் காலத்தில் வியாபாரம் நடக்கிற இடம் வியாபாரியின் கையில் இருந்தது. சொந்தக் கட்டிடமாக இருக்கலாம், குத்தகையாக இருக்கலாம், ஆனால் வாசல் திறப்பு அவரிடம். இனி வரப்போகிற கதையில் மாறினது அதுதான்.

1995 செப்டெம்பரில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பியர் ஒமிட்யார் என்ற மென்பொருள்காரர் 'ஒக்ஷன்வெப்' என்றொரு ஏலத்தளத்தைத் தொடங்கினார். முதலில் விலைபோன பொருட்களில் ஒன்று பழுதான லேசர் சுட்டி. 14.83 டொலருக்குப் போனது. இதுதான் பிறகு 'ஈபே' ஆனது. முகம் தெரியாத ஆளுக்கு முதலே காசு அனுப்பி, சாமான் வரும் என்று காத்திருக்கிற வியாபாரம் அது. ஏமாற்று வந்தது, முறைப்பாடுகள் வந்தன. எல்லாம் ஒமிட்யாரின் மின்னஞ்சலுக்கே வந்து குவிந்தன. 1996 பெப்ரவரியில் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். வாங்கினவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பகிரங்கமாக எழுதலாம், நல்லது கெட்டது நடுநிலை என்று புள்ளி போடலாம். ஊர்ச் சந்தையில் வாய்ப்பேச்சாக இருந்தது அங்கே இலக்கமாக மாறியது.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஈபே இந்தளவு வளர்ந்திராது என்பது என்னுடைய எண்ணம். அதேநேரம் பூட்டும் இதற்குள்தான் இருக்கிறது. புள்ளி போட்டவர் வாங்கினவர், உழைத்துச் சம்பாதித்தவர் விற்றவர், ஆனால் அது எழுதப்பட்ட கொப்பி கொம்பனியுடையது.

கொப்பி யாருடையது என்ற கேள்வி வெளியே வந்தது 1999இல். அந்த வருடம் மார்ச்சில் அமேசன் தானும் ஒரு ஏலத்தளம் திறந்தது. புதுச் சந்தையில் எல்லாரும் புதியவர்கள், யாரை யார் நம்புவது? அமேசன் ஒரு குறுக்குவழி கண்டது. ஈபேயில் வாங்கிய மதிப்பீட்டை இங்கே கொண்டு வரலாம் என்று விற்பனையாளர்களுக்குச் சொன்னது. ஈபே கடுமையாக எதிர்த்தது. இந்த மதிப்பீடுகள் எங்கள் உடைமை என்பது அதன் வாதம். அமேசன் அந்த வசதியை நிறுத்திவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போல் ரெஸ்னிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2000இல் எழுதிய கட்டுரையில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையில் அது சில வரிதான். எனக்கென்னவோ இணைய வியாபார வரலாற்றில இதுதான் பெரிய திருப்பம் எண்டு படுது. சண்டை பிடிச்சது ரெண்டு பெரிய கொம்பனிகள். புள்ளியைச் சேர்த்த விற்பனையாளர் பழைய சந்தையில இருந்து வெளிக்கிடேக்க தன்ர பேரைக் கொண்டு போகலாமா எண்ட கேள்விக்கு, ஏலாது எண்டு பதில் அண்டைக்கே எழுதுப்பட்டிட்டுது.

அந்தப் பேரின் விலை எவ்வளவு? இதையும் ரெஸ்னிக் குழு அளந்து பார்த்தது. ஹாவர்டின் ரிச்சர்ட் செக்ஹவுசரும் அதில் சேர்ந்திருந்தார். ஈபேயில் நெடுநாள் பழைய தபாலட்டை விற்றுப் பேரெடுத்த ஒருவரைப் பிடித்தார்கள். ஒரே தரமான அட்டைகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றை அவருடைய பழைய பெயரிலும் மற்றதைப் புதிதாகத் திறந்த பெயர்களிலும் விற்க வைத்தார்கள். பொருளும் ஒன்று, பொதி கட்டுகிற கையும் ஒன்று. ஆனாலும் பழைய பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 வீதம் கூடுதலாகக் குடுக்கத் தயாராக இருந்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. பழைய முத்திரை விற்கிற ஒருவருக்கு இலாபமே சில நேரம் அந்த அளவுதான். ஆகவே கணக்கை மூடுகிறவர் இழப்பது மனவருத்தத்தை மட்டுமில்லை, கணக்கில் எழுதக்கூடிய காசையும்தான்.

சந்தைகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதைச் சொல்லாமல் விட ஏலாது. பேரைக் கைமாற்ற விட்டால் என்ன நடக்கும்? ஒருத்தன் பத்து வருசம் நேர்மையாச் சேர்த்த புள்ளியை ஒரு கள்ளன் காசு குடுத்து வாங்குவான். ஒரு மாதத்தில நூறு பேரை ஏமாத்திப்போட்டு ஆள் மாயம். ஊர்க்கடை கைமாறினால் கல்லாவில புது முகம் இருக்கிறதைச் சனம் காணும். திரைக்குப் பின்னால ஆள் மாறினதை ஆர் காணுறது? இதனால்தான் கணக்கையும் அதன் மதிப்பீட்டையும் தங்கள் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று ஈபேயின் பாவனையாளர் உடன்படிக்கையே சொல்கிறது.

மூடுவதிலும் அப்படித்தான். எரிக் ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் 2001இல் 'மலிவான புனைபெயர்கள்' பற்றி ஒரு ஆய்வு எழுதினார்கள். கெட்ட பேர் வந்தவுடன் கணக்கை மூடிவிட்டுப் புதுப்பெயரில் திரும்பி வருவது சுலபமென்றால், புதிதாக வருகிற எல்லாரையும் சந்தை சந்தேகத்தோடுதான் பார்க்கும். தவறே செய்யாத புதியவரும் அந்த விலையைக் கட்டுவார். இதை வாசித்தால் 'நிரந்தரமாக மூடு' என்ற பொத்தானின் நடத்தை விளங்கும். நீங்கள் மூடினாலும் சந்தை உங்களை முழுசாக மறக்காது, மறக்கவும் விரும்பாது. ஈபேயில் விலகின ஒருவர் மற்றவர்களுக்கு எழுதிய கருத்துகள் அப்படியே நிற்கும். பெயருக்குப் பக்கத்தில் இவர் இப்போது பதிவுசெய்த பாவனையாளர் அல்ல என்று ஒரு குறிப்பு மட்டும் விழும். அமேசன் கடைசி விற்பனைக்குப் பிறகு 90 நாள் பொறுக்கச் சொல்கிறது. அதற்குள் வாங்கினவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரலாம் என்பது காரணம். கடன் கொப்பி தீராமல் கடை மூடாத அதே வழமைதான், ஆனால் கொப்பி இப்ப மற்றவரின்ர கையில.

விலகிப்போவோம் என்று மிரட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2008இல் ஈபே ஒரு மாற்றத்தை அறிவித்தது. இனி விற்பவர்கள் வாங்குபவர்களுக்குக் கெட்ட புள்ளி போட முடியாது. கட்டண முறையும் சேர்ந்து மாறியது. பெப்ரவரி 18இல் இருந்து ஒரு வாரம் விற்பனையாளர்கள் பகிஷ்கரித்தார்கள். கெட்ட புள்ளித் தடை அந்த வருடமே அமுலுக்கு வந்தது. ஒரு வாரம் கதவைச் சாத்தியவர்களில் பலர் திரும்பி வந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நிரந்தரமாப் போறதெண்டால் பேரை விட்டுட்டுத்தான் போக வேணும்.

சந்தை தானே மூடினால்? அதுவும் நடந்திருக்கு. யாகூ தன் அமெரிக்க ஏலத்தளத்தை 2007 ஜூனில் மூடியது. எங்களுக்குப் பக்கத்து உதாரணம் இந்தியா. 'பாஸி' என்ற மும்பைத் தளத்தை ஈபே 2004இல் வாங்கித் தன் இந்தியத் தளமாக்கியது. 2017இல் அந்தத் தளம் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போனது. அடுத்த வருடம் மே மாதம் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வோல்மார்ட் வாங்குவதாக அறிவித்தது. 2018 ஓகஸ்ட் 14ஆம் திகதியோடு அந்த இந்தியத் தளம் நிறுத்தப்பட்டது. பழைய நாணயம், முத்திரை, பாவித்த கமெரா என்று சில்லறையாக விற்றுவந்த ஆட்களுக்கு உள்நாட்டில் இருந்த அந்த வாசல் அடைபட்டது. கொம்பனிக்குக் கொம்பனி விற்கும்போது சந்தையின் பேரும் வாடிக்கையாளரும் நன்மதிப்பாகக் கைமாறுகிறது, விலையும் பேசப்படுகிறது. உள்ளே இருக்கிற சின்ன வியாபாரி தன் தங்கச்சிக்குக் கொடுக்கத்தான் அனுமதி இல்லை. இந்த இடத்திலதான் எனக்குக் கோபம் வாறது.

சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வருகிறது. 2019 ஜூலையில் ஜேர்மனியின் போட்டிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் விசாரணைக்குப் பிறகு அமேசன் தன் விதிகளை மாற்ற ஒத்துக்கொண்டது. அதுவரை காரணம் சொல்லாமல் உடனே ஒரு விற்பனையாளரை வெளியேற்ற அதற்கு உரிமை இருந்தது. இனிச் சாதாரணமாக வெளியேற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஒழுங்குவிதி நிறைவேற்றி, 2020 ஜூலை 12 முதல் அமுலாக்கியது. விற்பனையாளர் எப்படி விலகலாம், விலகிய பிறகு அவருடைய தகவல்களில் எதை எடுத்துப் பார்க்கலாம் என்பதைச் சந்தைகள் தங்கள் விதிகளில் எழுதியே ஆக வேண்டும். எழுத வேண்டும் என்றுதான் இருக்கிறது. பேரைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று இல்லை.

எங்கட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தரவை அழிக்கக் கேட்கிற உரிமை இருக்கு. நல்ல விசயம். ஆனால் கடை மூடுற வியாபாரி கேட்கிறது பெரும்பாலும் அழிப்பை இல்லை. தன்னை மறக்கச் சொல்லி அவர் கேட்கேல்லை, தன்னைப் பற்றிச் சனம் சொன்னதைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு 1999இல எழுதின பதில்தான் இண்டைக்கும் நடைமுறை.

இப்ப ஆராவது விற்பனையாளர் கணக்கை மூட யோசிச்சால், பொத்தானை அமத்த முதல் விற்பனைப் பதிவுகளையும் வரிக்குத் தேவையான கணக்குகளையும் இறக்கி வையுங்கோ. மூடின பிறகு உள்ளுக்குப் போக ஏலாது. மிச்சக் காசு வங்கிக்கு வந்திட்டுதா, கட்டணம் ஏதும் நிலுவையா எண்டும் பாருங்கோ. திரும்பத் திரும்ப வாங்கின ஆக்களுக்கு நன்றி சொல்ல நினைச்சால் அதையும் கணக்கு திறந்திருக்கேக்கயே செய்யுங்கோ.

சிநேகிதன் இன்னும் மூடேல்லை. சாமான் எல்லாத்தையும் பட்டியலில இருந்து எடுத்திட்டு, விடுமுறையில இருக்கிறன் எண்டு ஒரு அறிவித்தல் மட்டும் போட்டு வைச்சிருக்கிறான். தங்கச்சி தன்ர பேரில புதுக்கணக்கு ஒண்டு திறந்து, போன மாதம் முதல் உறையை விற்றவள். ஜப்பானுக்குப் போயிருக்கு. வாங்கினவர் இன்னும் புள்ளி போடேல்லையாம்.